அலெக்சாந்திரியா: கெய்ரோவிலிருந்து ஒரு நாள் போய்வந்தால் போதுமா?

நெய்தல்நிலா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வரும் சனவரியில் அம்மாவையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு எகிப்து செல்ல இருக்கிறேன். மொத்தம் ஒன்பது நாள்கள். கெய்ரோ, லக்சோர், அஸ்வான் மூன்றுக்கும் நாள் ஒதுக்கிவிட்டேன். அலெக்சாந்திரியா மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. நான் விசாரித்த பயண முகவர்கள் எல்லாருமே, விடியற்காலையில் கெய்ரோவிலிருந்து காரில் புறப்பட்டால் நான்கு இடங்களைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாம் என்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் பழைய உலகின் ஏழு அதிசயங்களை ஒப்பித்த காலத்திலிருந்தே அந்தக் கலங்கரை விளக்கத்தின் ஊர்மேல் எனக்குத் தனி ஆசை உண்டு. ஆகவே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு ஓடிவர மனம் ஒப்பவில்லை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு, மூவருமே சைவம். ஒரு நாள் போதுமா, தங்கத்தான் வேண்டுமா என்று போய்வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மணற்குன்று எழுதியது:

ஒரு நாளே போதும் என்பது என் கருத்து. அதையும் லக்சோருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றுகூடச் சொல்வேன். நான் 2019இல் இரண்டு இரவுகள் தங்கினேன். கலங்கரை விளக்கம் இல்லை. அது நின்ற இடத்தில் 15ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒன்று நிற்கிறது. பழைய நூலகம் இல்லை. 2002இல் திறக்கப்பட்ட புதிய கட்டடம் இருக்கிறது. ஊரைக் கட்டிய அலெக்சாந்தரின் கல்லறை எங்கே என்று இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. கிளியோபாத்ராவின் அரண்மனை இருந்த பகுதி கடலுக்கு அடியில் கிடக்கிறது. பெரிய அருங்காட்சியகமான கிரேக்க-உரோம அருங்காட்சியகம் 2005 முதலே பூட்டிக் கிடந்தது. லக்சோரில் உள்ள கர்னாக் கோயிலின் தூண்களுக்கு நடுவே நின்றுவிட்டு இங்கே வந்தவனுக்கு, எதைப் பார்க்க வந்தோம் என்ற கேள்விதான் மிஞ்சியது. கடற்கரை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் கடற்கரை பார்க்க எகிப்து வரை போக வேண்டுமா?

கடல்வழி எழுதியது:

மணற்குன்று அவர்களின் ஏமாற்றம் எனக்கு நன்றாகப் புரிகிறது, ஏனென்றால் என் முதல் பயணமும் அப்படித்தான் முடிந்தது. ஒரு நாள் சுற்றாகத்தான் போனேன். இரண்டு நகரங்களுக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல். வழியில் அத்தர்க் கடை ஒன்றில் முக்கால் மணி நேரம் உட்காரவைத்தார்கள். ஊருக்குள் நுழைந்தபோது பதினொன்றரை. நிலத்தடிக் கல்லறைகளுக்கு இருபத்தைந்து நிமிடம், பாம்பியின் தூண் எனப்படும் ஒற்றைத் தூணுக்குப் பத்து நிமிடம், பிறகு சாப்பாடு, கோட்டைக்கு வெளியே நின்று ஒரு படம், திரும்பும் பயணம். அன்று இரவு யாராவது என்னிடம் கேட்டிருந்தால் நானும் 'அங்கே ஒன்றும் இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து ரயிலில் போய் மூன்று இரவுகள் தங்கினேன். அப்போதுதான் இந்த ஊரை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது பிடிபட்டது. லக்சோரில் பழைய நகரம் தரைக்கு மேலே நிற்கிறது. அலெக்சாந்திரியாவில் அது தரைக்குக் கீழேயும் தண்ணீருக்குக் கீழேயும், இன்றைய வீடுகளின் அடித்தளத்துக்குக் கீழேயும் இருக்கிறது. ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதன்மேல்தான் வாழ்கிறார்கள். ஆகவே ஒரே இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து வியப்பதற்கு அதிகம் கிடைக்காது. ஒன்றைப் பார்த்து, இன்னொன்றோடு பொருத்தி, நடந்து நடந்து சேர்க்க வேண்டிய ஊர் இது.

கோம் எல் ஷுகாஃபா என்ற நிலத்தடிக் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டாஞ்சில்லு மேடு என்பது அந்தப் பெயரின் பொருள். 1900ஆம் ஆண்டு ஒரு கழுதை கால் இடறிக் குழிக்குள் விழுந்ததால்தான் அது வெளியே தெரியவந்தது. நடுவே ஒரு வட்டக் கிணறு; இறந்தவர்களின் உடலைக் கயிறு கட்டி அதன் வழியே இறக்கினார்கள். உறவினர்கள் கிணற்றைச் சுற்றி வளைந்து செல்லும் படிகளில் இறங்கினார்கள். கீழே ஒரு கூடம். அதன் மூன்று பக்கமும் பாறையிலேயே வெட்டிய சாய்மேடைகள். ஆண்டு நினைவு நாளில் குடும்பத்தார் வந்து, அந்த மேடைகளில் சாய்ந்தபடி இறந்தவருக்காக விருந்து உண்டார்கள். உண்ட மண்கலங்களை வீட்டுக்கு எடுத்துச் செல்லாமல் உடைத்துப் போட்டதால் சில்லுகள் மேடாகக் குவிந்தன என்பது அந்த இடப்பெயருக்குச் சொல்லப்படும் விளக்கம்.

முதல் முறை போனபோது நான் கவனிக்காமல் விட்டது உள்ளறை வாயில். வாயிலின் இரு பக்கமும் தாடி வைத்த பாம்புகள். அவற்றின் தலையில் எகிப்து மன்னர்களின் இரட்டை மகுடம். உடலோடு சேர்த்துக் கிரேக்கத் தெய்வங்களின் கோல்கள். மேலே கிரேக்கக் கதைகளில் வரும் பாம்புக் கூந்தல் மெடூசாவின் முகம் பொறித்த கேடயம். உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால், குள்ளநரித் தலைகொண்ட எகிப்தியத் தெய்வம் அனுபிஸ் உரோமப் படைவீரனின் மார்புக் கவசத்தோடு நிற்கிறார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் இந்தத் துறைமுகத்தில் வாழ்ந்த ஒரு குடும்பம், தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களையும் ஒரே வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது. கைவிளக்கின் ஒளியைச் சுவரில் சாய்வாகப் படவிட்டால், பாம்பின் செதிலில் உளி போன தடம்கூடத் தெரியும். இருபத்தைந்து நிமிடத்தில் இதைப் பார்க்க முடியாது.

குறைந்தது இரண்டு இரவுகள் தங்குங்கள், சகோதரி.

பழங்காசு எழுதியது:

கடல்வழி சொன்னதோடு இன்னும் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். அலெக்சாந்தர் கி.மு. 331இல் இடம் குறித்தபோது கரைக்கு எதிரே ஃபாரோஸ் என்ற தீவு இருந்தது. அந்தத் தீவுக்கும் கரைக்கும் இடையே ஏழு ஸ்தாதியம் நீளத்தில், அதாவது ஏறத்தாழ 1.2 கிலோமீட்டருக்கு, ஓர் அணைப்பாதை போட்டார்கள். அதனால் கடல் இரண்டாகப் பிரிந்து கிழக்கே ஒன்றும் மேற்கே ஒன்றுமாக இரண்டு துறைமுகங்கள் கிடைத்தன. நூற்றாண்டுக் கணக்கில் மண் ஒதுங்கி ஒதுங்கி அந்த அணை அகன்று நிலமாகிவிட்டது. இன்று மன்ஷியா சதுக்கத்திலிருந்து அன்ஃபூஷி வரை கடைகளும் குடியிருப்புகளும் நிறைந்திருக்கும் பகுதி, பெரும்பாலும் அந்த அணையின் மேல் சேர்ந்த மண்தான். 1956 சூலை 26 அன்று சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்குவதாக எகிப்து அதிபர் நாசர் அறிவித்ததும் அந்தச் சதுக்கத்தில்தான். அங்கே காரில் போகாதீர்கள், நடந்து போங்கள். இடப்புறமும் வலப்புறமும் வெவ்வேறு துறைமுகம் இருப்பதைக் காலால் உணர்ந்தால், இந்த ஊர் ஏன் இங்கே அமைந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

கலங்கரை விளக்கம் 'இல்லை' என்ற சொல்லையும் நான் முழுதாக ஏற்க மாட்டேன். கி.மு. 280 வாக்கில் கட்டி முடிக்கப்பட்டு, 100 மீட்டருக்கு மேல் உயர்ந்து நின்ற கட்டடம் அது. 1303, 1323 ஆண்டுகளின் நிலநடுக்கங்கள் அதைப் பெரிதும் சிதைத்தன. பயணி இப்னு பதூதா 1326இல் பார்த்தபோது ஒரு பக்கம் இடிந்திருந்தது. 1349இல் மீண்டும் வந்தபோது உள்ளே நுழையவே முடியவில்லை. சுல்தான் காயித்பே 1477இல் அதே இடத்தில் கோட்டை எழுப்பினார். கட்டடம் போனாலும் கற்கள் எங்கும் போகவில்லை. 1994 முதல் பிரெஞ்சு அகழாய்வாளர் ழான் இவ் எம்பரரின் குழு கோட்டைக்கு அடியில் கடலில் மூழ்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்களையும் சிலைத் துண்டுகளையும் பதிவு செய்தது. சில மீட்டர் ஆழத்தில்தான் அவை கிடக்கின்றன. 2025இல் வாயில் நிலைக்கற்கள் உட்பட 22 பெருங்கற்களை மேலே தூக்கி அளந்தார்கள். அவற்றில் சில 70 முதல் 80 டன் எடை கொண்டவை.

தமிழ் வாசகர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள செய்தி ஒன்றும் உண்டு. வியன்னாவில் உள்ள ஆஸ்திரிய தேசிய நூலகத்தில் முசிறி பாப்பிரஸ் என்ற ஆவணம் இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 1985இல் பதிப்பிக்கப்பட்டது. சேரர் துறைமுகமான முசிறிக்குப் போய்வந்த வணிகர் ஒருவரின் கடன் ஒப்பந்தம் ஒரு பக்கத்தில். ஹெர்மப்பொல்லோன் என்ற கப்பலில் வந்த சரக்கின் கணக்கு மறுபக்கத்தில். சரக்கு செங்கடல் துறையில் இறங்கி, ஒட்டகத்தின் மேல் பாலைவனம் கடந்து, கொப்தோஸில் நைல் படகு ஏறி, அலெக்சாந்திரியாவின் சுங்கக் கிடங்கில் முத்திரையிட்டு வைக்கப்பட வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் விரிவாகச் சொல்கிறது. சுங்கம் நாலில் ஒரு பங்கு. யவனர் மரக்கலம் பொன்னொடு வந்து கறியொடு திரும்பும் முசிறியை அகநானூறு பாடுகிறதே, அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊர் இது. செங்கடல் துறையான பெரெனிகேயில், இந்தியாவில் வனைந்த சாடி ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்ததும், அதே கடலின் இன்னொரு துறையான குசைர் அல் காதிமில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடு கிடைத்ததும் அந்த வழியின் தடயங்கள். கிழக்குத் துறைமுகத்தின் கரையில் நின்றபோது இதைத்தான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நெய்தல்நிலா எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு இரவுகள் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். லக்சோரில் ஒரு நாள் குறைகிறது. இரண்டு கேள்விகள். அந்த நிலத்தடிக் கல்லறைக்குள் அம்மாவால் இறங்க முடியுமா? அடுத்து, பழைய நூலகத்தைச் சீசர் எரித்தார் என்கிறான் தம்பி. அரபியர் எரித்தார்கள் என்று நான் எங்கோ படித்திருக்கிறேன். அங்கே போய் நிற்கும்போது எதை நம்பிக்கொண்டு நிற்பது?

பழங்காசு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஒரே நாளில் ஒரே தீயில் நூலகம் முழுதும் அழிந்தது என்ற கதையை விட்டுவிடுங்கள். கி.மு. 48இல் சீசர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வைத்த தீ கரைக்குப் பரவியது என்பதற்குப் பழைய எழுத்தாளர்களின் சான்று உண்டு. ஆனால் அதற்குப் பின்னும் அங்கே அறிஞர்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள். நூலகத்தின் கிளை இருந்த செராபிஸ் என்ற தெய்வத்தின் கோயில் கி.பி. 391 வாக்கில் இடிக்கப்பட்டது. அரபியர் நகரைக் கைப்பற்றியது 642இல். கலீஃபா உமரின் ஆணைப்படி நூல்களை எரித்தார்கள் என்ற கதையோ அறுநூறு ஆண்டுகள் கழித்து, 13ஆம் நூற்றாண்டு எழுத்துகளில்தான் தலைகாட்டுகிறது. ஆதரவு குறைந்ததும், அறிஞர்கள் விரட்டப்பட்டதும், பாப்பிரஸ் சுருள்களைப் படியெடுக்காமல் விட்டதுமாக அந்த நூலகம் மெல்ல மெல்லத் தேய்ந்தது என்று கொள்வதே சான்றுகளுக்கு நெருக்கமானது.

நூலகம் வளர்ந்த விதம் இதைவிடச் சுவையானது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் நூல் இருந்தால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, படியெடுத்து, படியை மட்டும் உரியவரிடம் திருப்பிக் கொடுத்தார்கள். மூலத்தின் மேல் 'கப்பல்களிலிருந்து' என்று குறித்து அடுக்கினார்கள் என்று பழைய கிரேக்க மருத்துவர் காலன் எழுதியிருக்கிறார். சுங்கத்தைப் போல நூலையும் தண்டிய துறைமுகம்!

படிப்பு அந்த ஊரில் எவ்வளவு காலம் நீடித்தது என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கோம் எல் திக்காவுக்குப் போங்கள். போலந்து அகழாய்வாளர்கள் 1960 முதல் அங்கே தோண்டிவருகிறார்கள். எல்லாரும் பளிங்கு இருக்கைகள் கொண்ட சிறு அரங்கைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அதன் பக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வகுப்பறைகள் வரிசையாக இருக்கின்றன. குதிரை லாடம்போல் வளைந்த கல் படிக்கட்டுகளில் மாணவர் அமர, நடுவில் உயர்ந்த இருக்கையில் ஆசிரியர் அமர்ந்த அறைகள். இவை 5ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலானவை. அதாவது நூலகம் அழிந்துவிட்டதாகக் கதை சொல்லும் காலத்துக்குப் பின்னும் இங்கே பாடம் நடந்திருக்கிறது. சமதளம் என்பதால் உங்கள் தாயாரும் தாராளமாக நடக்கலாம்.

கடல்வழி எழுதியது:

முதல் கேள்விக்கு: இறங்க வேண்டிய சுழற்படிகள் 99. சில இடங்களில் தேய்ந்து வழுக்கும். ஏறும்போது மூச்சு வாங்கும். முழங்கால் வலி உள்ளவர்களை நான் இறங்கச் சொல்ல மாட்டேன். தண்ணீர் நின்ற கீழ்ப்பகுதியில் நிலத்தடி நீரைக் குறைக்கும் பணி 2019இல் முடிந்தது. ஆனாலும் உள்ளே ஈரக் காற்றுதான்.

கிரேக்க-உரோம அருங்காட்சியகம் 2023 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டுவிட்டது. மணற்குன்று அவர்கள் போனபோது பூட்டிக் கிடந்தது உண்மை. இனி அந்தக் குறை இல்லை. செராபிஸ் கோயிலில் கிடைத்த ஆபிஸ் என்ற புனிதக் காளையின் கரும் நிறச் சிலையை அங்கே பாருங்கள். பிறகு அந்தக் கோயில் இருந்த மேட்டுக்கே போங்கள். பாம்பியின் தூண் என்று பெயர் வைத்திருக்கிறார்களே தவிர, உரோமத் தளபதி பாம்பிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 300ஆம் ஆண்டை ஒட்டிப் பேரரசர் தியோக்ளீசியனுக்காக நிறுத்தியது. பீடத்தோடு சுமார் 27 மீட்டர் உயரம். நடுத்தண்டு அஸ்வானில் வெட்டிய ஒரே சிவப்புக் கல். நீங்கள் அஸ்வானும் போவதால், அங்கே கற்சுரங்கத்தில் முடிக்காமல் விட்ட தூபியைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் இரண்டும் பொருந்தும்.

புதிய நூலகத்தை வெறும் புதுக்கட்டடம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். படிப்பவர்கள் அமரும் கூடம் பதினொரு தளங்களாகக் கடலை நோக்கிச் சரிந்து இறங்குகிறது; வெளிச்சுவரில் 120 எழுத்துமுறைகளின் எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். அடித்தளம் தோண்டும்போது கிடைத்த கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, சிறு கற்களைப் பதித்துச் செய்த ஓவியத்தளம் ஒன்று உள்ளே இருக்கும் தொல்பொருள் காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு நாய், சிவப்புக் கழுத்துப்பட்டை, பக்கத்தில் கவிழ்ந்த வெண்கலக் குவளை. தவறு செய்துவிட்டு ஆளைப் பார்க்கும் பார்வை. அரிசியைவிடச் சிறிய கல்துண்டுகளால் அந்தக் கண்ணில் ஈரத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

சனவரி என்றால் மழைக்கு ஆயத்தமாகப் போங்கள். குளிர்காலப் புயல்களை அங்கே 'நவ்வா' என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயரும் ஏறத்தாழக் குறித்த நாளும் உண்டு, மீனவர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தான் கடலுக்குப் போவார்கள். நவம்பரில் வருவதன் பெயர் மக்னசா, துடைப்பம் என்று பொருள். உணவுக்குக் கவலை வேண்டாம். ஃபூல் என்ற வேகவைத்த பயறு, அதே பயற்றை அரைத்துப் பொரிக்கும் தஅமியா, அரிசியும் பருப்பும் மக்ரோனியும் கலந்த கொஷாரி மூன்றும் சைவம்தான். முளுகியாக் கீரையை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில்தான் செய்வார்கள்.

மணற்குன்று எழுதியது:

வகுப்பறைகளை நான் பார்க்கவே இல்லை. அரங்கோடு திரும்பிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் என் கருத்தை முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. முன்பே படித்துக்கொண்டு போகாதவருக்கு அந்த ஊர் தானாக எதையும் சொல்வதில்லை. விளக்கப் பலகைகள் குறைவு. ஐந்தே நாள் வைத்திருப்பவர் லக்சோரை விட்டுவிட்டு இங்கே வரக் கூடாது. ஒன்பது நாள் இருப்பதால் நெய்தல்நிலா போகட்டும். கடற்கரைச் சாலையைக் கடக்கும்போது மட்டும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வண்டிகள் நிற்பதில்லை. சுரங்க நடைபாதை இருக்கும் இடம் வரை நடந்துபோய்க் கடப்பதே நல்லது.

நெய்தல்நிலா எழுதியது:

போய்வந்துவிட்டோம். பதில் சொன்ன எல்லாருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கெய்ரோவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆயிற்று. முதல் நாள் முழுதும் மழை. அலை கரைச்சுவரைத் தாண்டி நடைபாதையில் வந்து விழுந்தது. காயித்பே கோட்டைக்கு முன்னால் கடலரிப்பைத் தடுக்கப் போட்டிருக்கும் கான்கிரீட் கட்டைகள் பாதி நேரம் நுரைக்குள் மறைந்து மறைந்து தெரிந்தன. கோட்டைக்குப் போக வேண்டாம் என்று அருங்காட்சியகத்துக்குப் போனோம். மழைதான் நல்லது செய்தது. மூன்று மணி நேரம் அவசரமில்லாமல் பார்த்தோம்.

மறுநாள் வெயில். கோம் எல் திக்காவில் அம்மா ஒரு வகுப்பறையின் கற்படியில் அமர்ந்தார். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். நடுவில் இருந்த ஆசிரியர் இருக்கையைக் காட்டி, 'இங்கே உட்கார்ந்தால் கடைசி வரிசைப் பையன்கூடக் கண்ணில் படுவான்' என்றார். நாங்கள் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை. கல்லறைக்குள் நானும் தம்பியும் மாறி மாறி இறங்கினோம். காவலர் ஒருவர் அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பாம்பின் தாடியையும் அனுபிஸின் கவசத்தையும் கைபேசியில் படமெடுத்து மேலே கொண்டுவந்து காட்டினோம். மணற்குன்று ஐயா சொன்னதும் சரிதான். இங்கே படிக்காமல் போயிருந்தால் அந்த வாயிலை நான் கடந்து போயிருப்பேன்.

மாலையில் மன்ஷியாவிலிருந்து கோட்டைவரை அம்மாவைக் குதிரை வண்டியில் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். பழங்காசு ஐயா, இரண்டு துறைமுகங்களும் ஒரே பார்வையில் தெரியவில்லை, கட்டடங்கள் மறைக்கின்றன. ஆனால் குறுக்குத் தெருக்களில் திரும்பும்போது ஒரு பக்கம் மீன்படகும் மறுபக்கம் சரக்குக் கப்பலின் பாரந்தூக்கியும் தெரிந்தன. கோட்டை வாயிலில் பதித்திருக்கும் சிவப்புக் கருங்கற்கள் கலங்கரை விளக்கத்தினுடையவையாக இருக்கலாம் என்று சொல்லப்படுவதை அம்மாவிடம் சொன்னேன். அஸ்வானில் இதே நிறத்தைப் பார்த்தோமே என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

திரும்பும் வழியில் ஒரு மளிகைக் கடையில் சாக்குச் சாக்காக மிளகு. பெயர் கேட்டதற்கு 'ஃபில்ஃபில் அஸ்வத்' என்றார் கடைக்காரர். ஃபில்ஃபில் என்ற சொல் பிப்பலியிலிருந்து போனது என்று தம்பி சொன்னான். நம் திப்பிலியும் அதன் உறவுதான். அம்மா நான்கு மணியை எடுத்துக் கடித்துப் பார்த்து, காரம் போதும் என்று நூறு கிராம் வாங்கினார். கடைக்காரர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நம் ஊரில் பொட்டலம் மடிப்பதுபோலவே வாயை மடித்துக் கொடுத்தார். அந்த மிளகில்தான் நேற்று இங்கே இரசம் வைத்தோம்.